கேப்ரியால் சூட்டா, ரெஸ்பிகியா? வேலூரில் ஒரு சின்ன வயலின் குழுவுக்கு எது சரிப்படும்?

காட்பாடி வயலின்:
எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு வாசிக்கிற குழு. பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள், செல்லோ ஒன்றே ஒன்று, வயோலா கிடையாது. இந்த வருஷம் கேரலைத் தாண்டி, மறுமலர்ச்சிக் கால இசையிலிருந்து எழுதின சூட் (சின்னத் துண்டுகளின் தொகுப்பு) ஒன்றை எடுக்கலாம் என்கிறார் வாத்தியார். இங்கிலாந்து இசையமைப்பாளர் பீட்டர் வார்லாக்கின் கேப்ரியால், இத்தாலிக்காரர் ரெஸ்பிகியின் பழைய மெட்டுகளும் நடனங்களும், இரண்டையும் கேட்டேன், முடிவு பண்ண முடியவில்லை. அப்புறம், இதில் எவ்வளவு நிஜமாகவே பழசு?

ஆற்காட்டு ரசிகன்:
கேப்ரியால் எடுங்க தம்பி. 1926-இல் எழுதினது, தந்தி வாத்தியங்களுக்கென்றே வடிவம் இருக்கிறது, ஆறு துண்டு, மொத்தம் பத்து நிமிஷம். மெட்டுகள் 1589-இல் வந்த ஆர்போவின் நடனப் புத்தகத்திலிருந்து வந்தவை, அவர் பிரான்ஸில் லாங்ர் ஊர்ப் பாதிரியார், அதனால் சர்ச்சில் நடனப் பாட்டா என்று யாராவது முகம் சுளித்தால் அதைச் சொல்லிவிடுங்கள். புத்தகம் குருவும் சீடனும் பேசுகிற மாதிரி எழுதப்பட்டது, சீடன் பேர்தான் கேப்ரியால். ஆனால் பழசு என்பது மெட்டும் தாளமும் மட்டுமே. அடியில் போகிற ஸ்வரக்கூட்டு எல்லாம் வார்லாக்கின் சொந்தச் சரக்கு, கடைசி மத்தாஷான் வாள் நடனத்தின் முடிவில் வேண்டுமென்றே கரகரவென்று மோத விடுகிறார். அந்த இடத்தில் பிள்ளைகள் தப்பு வாசித்துவிட்டோமோ என்று பயந்து அமுக்கி வாசிப்பார்கள், விடாதீர்கள்.

குடியாத்தம் செல்லோ:
ரெஸ்பிகியை இப்படிக் கழித்துக்கட்ட வேண்டாம் அண்ணா. முதல் சூட்டில் (1917) வருகிற காலியார்டா நடன மெட்டு, விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்ஸோ கலிலேய் லூட் என்கிற பழைய தந்தி வாத்தியத்துக்கு எழுதினது, எனக்கு அதைக் கேட்டால் இன்னும் சிலிர்க்கும். ஆனால் அதற்கு ஓபோ, ஹார்ப், ஹார்ப்சிகார்ட் எல்லாம் வேண்டும், வேலூர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் திரட்டுவது கஷ்டம். மூன்றாவது சூட் தந்திகளுக்கு மட்டும்தான், ஆனால் வயோலா இல்லாமல் ஓடாது, அதன் கடைசித் துண்டான பாஸகாலியா 1692 கிட்டார் மெட்டு, மறுமலர்ச்சிக் காலம் முடிந்த பிறகு வந்தது, அதை மறுமலர்ச்சி என்று சொல்லவும் முடியாது.

ஆற்காட்டு ரசிகன்:
சரி, வயோலா விஷயம் கேப்ரியாலுக்கும் உண்டு. அந்தப் பகுதியை மூன்றாவது வயலினுக்கு மாற்றி எழுதுங்கள், வயலினின் கடைசி ஸ்வரமான ஜி-க்குக் கீழே போகிற ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி ஏற்றிக்கொள்ளலாம். வார்லாக் 1930-இலேயே இறந்துவிட்டார், நம் சட்டப்படி உரிமைச் சிக்கல் வராது. சூட்டின் இரண்டாவது துண்டான பவான் என்கிற மெதுவான நடனத்துக்கு ஆர்போ மேளத் தாளமும் எழுதி வைத்திருக்கிறார், ஒரு நீளம் இரண்டு குட்டை, தாம் தக, தாம் தக. கஞ்சிரா வாசிக்கிற பையன் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். நாலாவது துண்டான ‘பிரான்ஸ்ல்’ நடனத்தில்தான் கை வலிக்கும், வேகம் ஏறிக்கொண்டே போகும்.

காட்பாடி வயலின்:
கஞ்சிரா பையன் இருக்கிறான், மெதுவாகத் தட்டமாட்டான், அதுதான் கவலை. பவானிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.