கேபிள் காரை எங்கேர்ந்து படம் புடிக்கலாம்?

பழைய_நிக்கான்:
ஜூன் லீவுக்கு ஊர்லேர்ந்து அம்மா வராங்க, பிள்ளைங்களோட ஒரு நாள் சிங்கப்பூர் செந்தோசா தீவுக்குப் போறோம், சிலோசோ பீச்ல விளையாட விட்டுட்டு கேபிள் கார்ல ஏத்தலாம்னு பிளான். கேள்வி என்னன்னா, நான் கீழ நின்னு அவங்க போறத எடுக்கவா இல்ல கூடவே ஏறவா? போன தடவ உள்ளேர்ந்து எடுத்ததுல பூரா என் டிஷர்ட்டுதான் கண்ணாடில தெரிஞ்சுச்சு. 18-55, 55-200 லென்ஸ் இருக்கு.

ஈசூன்வாசி:
கீழ நின்னா பொட்டி தெரியும் அண்ணே, அம்மா தெரிய மாட்டாங்க. பகல்ல வெளிய வெளிச்சம், உள்ள இருட்டு, அதுக்கு மேல கண்ணாடில வானம் அடிக்கும். கூட ஏறுங்க. கருப்பு சட்ட போடுங்க, லென்ஸ கண்ணாடில ஒட்டுனாப்ல வைங்க, ஷட்டர் வேகம் 1/500 செகண்டுக்கு கீழ போகாதீங்க, படம் ஆடும். பொலரைசர் (பளபளப்ப குறைக்கிற ஃபில்டர்) வேணாம், ஜன்னல் பிளாஸ்டிக்கா இருந்தா வானவில் மாதிரி திட்டு திட்டா விழும்.

காலை_நடை:
வெறும் கேபிள் கார் படம்னா விவோசிட்டி மால்லேர்ந்து செந்தோசா போற போர்ட்வாக் நடைபாதைல நில்லுங்க. கேபிள் கார் கம்பி அதுக்கு மேற்குப் பக்கமா போகுது, அதனால காலைல வெயில் உங்க முதுகுக்குப் பின்னாடி, பொட்டி கலர் நல்லா வரும். சாயங்காலம் ஏழு மணி வாக்குல அதே இடத்துல நின்னா எல்லாம் கருப்பு நிழலா வரும், எனக்கு அதான் புடிக்கும். 2024ல வந்த ஸ்கைஆர்ப், அந்த உருண்ட பொட்டி, மொத்தமே 7தான், மினுமினுன்னு துறைமுகமே அதுல தெரியும், வந்தா விட்றாதீங்க. கேபிள் கார் 1974லேர்ந்து ஓடுது, அம்மா வயசானவங்கன்னா சொல்லுங்க, ஆச்சரியப்படுவாங்க.

பழைய_நிக்கான்:
அம்மாவுக்கு முட்டிவலி, ரொம்ப நடக்க முடியாது.

ஈசூன்வாசி:
அப்ப சிலோசோ பாயிண்ட் ஸ்டேஷன் பக்கத்துல ஃபோர்ட் சிலோசோ ஸ்கைவாக்னு உயரமான நடைபாதை இருக்கு, லிஃப்ட் உண்டு, காசு கிடையாது, 11 மாடி உயரம். அங்க நிக்க வச்சு கடல் பின்னாடி தெரிய எடுங்க, முகமும் வரும். ஆனா ஒண்ணு, கேமராவ எம்ஆர்டி ரயில் ஏர்கான்லேர்ந்து நேரா வெளிய எடுத்தா லென்ஸ் பூரா வேர்த்துடும், துடைக்கத் துடைக்க வரும். பையோட ஜிப்ப திறக்காம அரை மணி வெளிய வைங்க. நான் இப்படித்தான் எங்க அத்தைய மொத்தமா புகைமூட்டத்துல எடுத்துட்டு வந்து இன்னமும் திட்டு வாங்கிட்டிருக்கேன்.

பழைய_நிக்கான்:
சரி காலைலயே போறோம், கருப்பு சட்ட ரெடி. அம்மா ஏற பயந்தா என்ன பண்றதுன்னுதான் இப்ப யோசிக்கிறேன் லா.