அப்பத்தாவைக் கண் முகாமுக்குக் கூட்டிப் போனேன், உங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லுங்கள்

சிவகாசிப் பேத்தி:

எங்கள் அப்பத்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது அவர் கைக்குப் பழக்கம். டிவி முன்னால் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கும்போது, முறத்தைப் பார்க்காமல் விரலால் தடவித் தடவி எடுப்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு, "எனக்கு இனிமே எதைப் பாக்கணும்? இருக்கிற காலம் இப்படியே ஓடட்டும்டி" என்றார்.

பணம்தான் தடை என்று நினைத்தேன். இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் முகாம் நடக்கிறது, பரிசோதனையும் ஆபரேஷனும் இலவசம். அப்பத்தாவுக்குப் பயம் வேறு. கண்ணைத் தோண்டி வெளியே எடுத்து வைத்துத்தான் வைத்தியம் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைவிட, தன்னைக் கூட்டிப் போனால் அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போகுமே என்ற கவலை. இதை நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள், இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலமே பஸ்ஸில் மதுரை. மறுநாள் காலை ஒரு கண்ணில் ஆபரேஷன். நான் வாசலில் உட்கார்ந்து முழுசாகப் பதற்றப்படக்கூட நேரமில்லை, அதற்குள் பச்சைத் துணி மறைப்போடு வெளியே கூட்டி வந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். அப்பத்தா என்னைப் பார்க்கவில்லை. கையில் வீட்டிலிருந்து கொண்டு போன டம்ளர் இருந்தது. அதன் விளிம்புக்குக் கீழே தாத்தா பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எங்கள் அப்பத்தா. அந்தப் புள்ளிகளை நகத்தால் தொட்டுக்கொண்டே, "இது உங்க தாத்தா பேருதானே" என்றார்.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்:

நன்றாகச் செய்தாய் அம்மா. அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980களில் நான் இளம் ஆசிரியர், முகாம்களில் பேர் எழுதும் வேலை பார்ப்பேன். புரை இருப்பவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, மதுரைக்கு வரச் சொல்லி அனுப்புவோம். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். முக்கால்வாசிப் பேர் வரமாட்டார்கள். வீடு தேடிப் போய்க் கேட்டால் காரணம் எல்லாம் ஒரே மாதிரிதான்: பஸ்ஸுக்குக் காசில்லை, கூட வர ஆளில்லை, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது, விதைப்பு முடியட்டும். இலவச ஆபரேஷன் இலவசமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிற்பாடு முகாமிலிருந்தே ஏற்றிக்கொண்டு போய், சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று ஆனது. அதன் பிறகுதான் கூட்டம் வந்தது.

அந்தப் பஸ் போகும் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு அவர் ஆபரேஷன் செய்வார் என்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். கட்ட முடிந்தவர்கள் கட்டும் பணத்தில் முடியாதவர்களுக்கும் வைத்தியம் நடக்கும்.

அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிட்டால் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஆடு மிதித்து உடைத்துவிட்டது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஆனாலும் மறுபடி குச்சியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் அரவிந்த்காரர்கள் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது. இங்கே செய்யும் லென்ஸ் இன்று எத்தனையோ நாடுகளுக்குப் போகிறது. உன் அப்பத்தா அந்த டம்ளரைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார் பார், அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மன்னார்குடிப் பக்கம், விவசாயி மகன்:

எங்கள் வீட்டுக் கதை நல்லபடியாக முடியவில்லை. இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அறுவடை நேரம். கதிர் அடிக்கும்போது அப்பா கண்ணில் நெல் சுணை பட்டது. உறுத்தல்தானே என்று முகத்தைக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார். ராத்திரி கண் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி அம்மா விட்டார். மறுநாள் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். யாரும் சீட்டுக் கேட்கவில்லை. அதைப் போட்டதும் சிவப்பு குறைந்தது, அப்பாவும் வயலுக்குப் போய்விட்டார். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சுணையோடு போனது காளான் கிருமி. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிக் காட்டும், உள்ளே கிருமியை வளர விடும். பன்னிரண்டாம் நாள் கருவிழியில் அரிசி அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கு ஒரு தரம் சொட்டு விடச் சொன்னார்கள், ராத்திரியிலும். அலாரம் வைத்து நானும் தங்கச்சியும் மாறி மாறி விட்டோம். கண் அழுகாமல் காப்பாற்றினார்கள். ஆனால் பூ விழுந்துவிட்டது. இப்போது மாற்றுக் கருவிழிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். புரை ஆபரேஷன் செய்தவர்களும் கண்ணாடி போட்டவர்களும்கூடக் கண் தானம் கொடுக்கலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊரில் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கே இதைச் சொல்லிக்கொடுத்தார்களாம். கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உடனே ஆன்டிபயாட்டிக் களிம்பு, மூன்று நாள். சீக்கிரம் வந்தவர்களுக்குப் புண்ணே ஆகவில்லை. டாக்டர் சொல்லிக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒரு அக்கா இருந்திருந்தால் போதும், அப்பா அன்று சாயங்காலமே போயிருப்பார். தயவு செய்து, வயலில் கண்ணில் எது பட்டாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம்.

திருப்பூர் தையல்காரி:

தம்பி, உங்கள் அப்பாவுக்குச் சீக்கிரம் கருவிழி கிடைக்க வேண்டும். எனக்கு நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். 42 வயதில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பீஸ் ரேட்டில் வேலை, கணக்கு குறைந்துகொண்டே போனது. இனி நம்மால் ஆகாது என்று நின்றுவிட இருந்தேன். வெள்ளெழுத்துத்தான் என்று சொல்லி, கிட்டப் பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். மறுநாளே பழைய வேகம் வந்துவிட்டது. அசாமில் 40 வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளிகளுக்கு இப்படிக் கண்ணாடி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக இலை பறித்தார்களாம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சிவகாசிப் பேத்தி:

எல்லாவற்றையும் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். மன்னார்குடி அண்ணா, உங்கள் அப்பாவை நினைத்து விளக்கேற்றியிருக்கிறார். தன் பேரையும் கண் தானத்துக்கு எழுதச் சொல்லிவிட்டார்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி முகாம். எங்கள் தெருவிலிருந்து மூன்று பேரைக் கூட்டிப் போக அப்பத்தாவே வீடு வீடாகப் போய்ப் பேசினார். "தோண்டியெல்லாம் எடுக்கல, இங்க பாரு" என்று கண்ணைக் காட்டியிருக்கிறார். இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள். மூன்றாவது பெரியம்மாவுக்கு மூன்று நாள் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான் தண்ணி காட்டுகிறேன், பால் கறக்க அப்பத்தா வருகிறார் என்று சொல்லியிருக்கிறோம்.