பார்வையற்ற நான்கு வயதுக் குழந்தைக்கு வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – அங்கன்வாடி ஆசிரியை
எங்கள் மையத்திற்குப் பிறவியிலேயே பார்வையில்லாத நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். மற்ற பிள்ளைகள் படப் புத்தகம் புரட்டும் நேரத்தில் அவள் கையில் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் யானையைக் கொடுத்தேன், காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "குட்டி ஸ்டூலா டீச்சர்?" என்று கேட்டாள். விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லை இப்போதே தொடங்கலாமா, கைப்பயிற்சி ஏதேனும் முதலில் வேண்டுமா?

மறுமொழி – சிறப்பாசிரியர்
அவள் கேட்டது நியாயம்தான். பொம்மை யானை, யானையைக் கண்டவர்களுக்கே யானை. அவள் அன்றாடம் தொடும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். பஸ் டிக்கெட், புளியங்கொட்டை, கொத்தமல்லிக் காம்பு ஆகியவற்றைத் துணிப்பையில் போட்டு, அவள் அம்மாவுடன் சந்தைக்குப் போய்வந்ததைக் கதையாகச் சொல்லச் சொல்ல, அவளே ஒவ்வொன்றாக எடுக்கட்டும். பிறகு அவற்றைக் கெட்டி அட்டைகளில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பிரெய்லில் ஒரு சொல் எழுதிக் கோத்துவிட்டால், அதுவே அவளுடைய முதல் புத்தகம். வரி பிடித்துப் போக, அட்டையில் சணல் ஒட்டி இடமிருந்து வலமாகத் தடவப் பழக்குங்கள், இரண்டு கைகளாலும். ஒற்றை விரலில் பழகிய பிள்ளையைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

மறுமொழி – ஒரு தாய்
முட்டை அட்டையில் ஆறு குழிகளை வெட்டியெடுத்தால், ஆறு புள்ளிகள் கொண்ட பிரெய்ல் கட்டம் தயார். இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. முதல் குழியில் எலுமிச்சம்பழம் வைத்தால் 'அ'. 1, 3 இரண்டிலும் வைத்தால் 'க'. என் மகனுக்கு அது விளையாட்டாகவே போயிற்று.

மறுமொழி – பார்வையற்ற ஆசிரியர்
முட்டை அட்டை புள்ளிகளின் எண்ணைப் பழக்கும், வாசிக்கப் பழக்காது. உண்மையான கட்டம் விரல் நுனிக்குள் அடங்கிவிடும். அங்கே நான் புள்ளிகளை எண்ணுவதில்லை, முழு வடிவமாகவே உணர்கிறேன். ஆகவே அட்டை விளையாட்டோடு அசல் அளவு எழுத்தையும் தொடக்கத்திலேயே தொடவிடுங்கள். 'ல' என்பது நிமிர்ந்த மூன்று புள்ளிகள். ஒரு வரி முழுவதும் 'ல' அடித்து, நடுவில் ஒரே ஒரு 'அ' ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விரலை அழுத்த வேண்டாம்.

இன்னொன்று, அச்செழுத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லித்தராதீர்கள். 'கெ'யில் அச்சுக்கொம்பு முன்னால் நிற்கும். பிரெய்லில் 'க' முதலில், 'எ' பிறகு. மெய்யின் புள்ளியோ எழுத்துக்கு முன்பே வந்துவிடும். 'அம்மா' என்பது அ, புள்ளி, ம, ம, ஆ என ஐந்து கட்டங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. பை மாட்டும் ஆணிகளில் அவளுடையதன் அருகே, கைக்கெட்டும் உயரத்தில், அவள் பெயரைப் பிரெய்லில் ஒட்டப்போகிறேன். மற்ற பிள்ளைகளும் தடவிப் பார்ப்பார்கள். அதனால் தடித்த அட்டையாக எடுத்துவைத்திருக்கிறேன்.