வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கல்விக் கடனை அடைப்பது சரியா?

தரமணி இளைஞன்:

பொறியியல் படிப்புக்காகப் பொதுத்துறை வங்கி ஒன்றில் வாங்கிய கல்விக் கடன், தவணை தொடங்கும் இவ்வேளையில், சேர்ந்த வட்டியோடு 6 லட்சம் ரூபாயாக நிற்கிறது. வட்டி 10.5 விழுக்காடு. பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 8,100 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் நான் கட்டியிருக்கும் தொகை 9.7 லட்சத்தைத் தாண்டிவிடும். அதே கடனுக்கு மாதம் 16,000 ரூபாய் கட்டினால் நான்கு ஆண்டுக்குள் முடிந்துவிடுகிறது, வட்டியும் 1.3 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 2.4 லட்சம் மிச்சம். கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய் என்பதால் இது நடக்கக்கூடியதுதான் என்று முடிவு செய்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தனி அறையை விட்டுவிட்டு மூவர் தங்கும் அறைக்கு மாறினேன். பைக்கை ஊரில் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பயணச்சீட்டிலும் தேவைப்பட்டால் பறக்கும் ரயிலிலும் போய்வருகிறேன். சாப்பாடு வரவழைக்கும் செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன். அறையும் சாப்பாடுமாக 9,000, வீட்டுக்கு 6,000, பயணமும் சில்லறைச் செலவுகளும் சேர்த்து 4,000 ரூபாய் என்று கணக்கு நிற்கிறது. இந்தக் கடனில் என் தந்தையும் இணைக் கடன்தாரராகக் கையொப்பமிட்டிருக்கிறார். அவர் பெயரில் இந்தச் சுமை நிற்கும் வரை எனக்கென்று ஒரு சௌகரியத்தைத் தேடிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. திருமணம், குழந்தை என்று பொறுப்புகள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதே என் வாதம். இதில் பிழை இருப்பதாகக் கருதுபவர்கள் சொல்லுங்கள்.

மேடவாக்கத்துப் பெண்:

கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, தம்பி. நானும் கல்விக் கடனில் படித்து, இப்போது தவணை கட்டிக்கொண்டிருப்பவள்தான். உங்கள் கணக்கில் மாதக் கடைசியில் மிஞ்சுவது வெறும் 3,000 ரூபாய் என்பதே என் கவலை. வீட்டில் ஒருவருக்கு மருத்துவச் செலவு வந்தால், அல்லது நீங்கள் பணிபுரியும் திட்டம் முடிந்து நிறுவனம் உங்களை இரண்டு மாதம் காத்திருக்க வைத்தால், எங்கே போவீர்கள்? கிரெடிட் கார்டைத்தான் எடுப்பீர்கள். அதன் நிலுவைக்கு மாதம் மூன்று விழுக்காட்டுக்கும் மேல் வட்டி போவது சாதாரணம். 10.5 விழுக்காட்டுக் கடனை அவசரமாக அடைத்துவிட்டு, ஆண்டுக்கு நாற்பது விழுக்காட்டுக் கடனை வாங்குவது எந்த வகையில் மிச்சம்?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "செலவைக் குறை" என்ற அறிவுரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எடையில் விழுவதில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது உண்மை. பகலில் நான் அதைப் பயன்படுத்தாத நாளே இல்லை. ஆனால் சிறுசேரியில் வேலை முடிந்து இரவு பத்தரைக்குப் பழைய மாமல்லபுரம் சாலையில் நின்றால், அந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஏற்படும் அச்சத்தை எந்தச் சேமிப்புப் பட்டியலிலும் எழுத முடியாது. அந்த வேளையில் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தை நான் ஆடம்பரமாகக் கருத மாட்டேன், அதைக் குறைக்கவும் மாட்டேன். அதேபோல் இரு வேளையை ஒரு வேளையாக்கிக்கொண்டு, அதைச் சிக்கனம் என்று பெருமையாகச் சொல்லும் விடுதித் தோழிகளைப் பார்த்திருக்கிறேன். இரத்தசோகைக்கு மருந்து வாங்கும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரிகிறது.

பெரம்பூர்க்காரன்:

இருவருமே அடைப்பதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். அவசரமாக ஏன் அடைக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும், உச்சவரம்பு ஏதுமின்றி, வருமான வரிச் சட்டத்தின் கீழ் எட்டு ஆண்டுகள் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அரசே வட்டியில் ஒரு பங்கைத் தாங்கும்போது, மாதம் 8,000 ரூபாய் கூடுதலாகக் கடனில் போடுவதைவிட அதைப் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் போட்டுவந்தால் பத்தாண்டில் பெரிய தொகை கையில் நிற்குமே. பேருந்தில் தொங்கிக்கொண்டும் மூவர் அறையில் புழுங்கிக்கொண்டும் இளமையைக் கழிக்க வேண்டிய தேவை எனக்குப் புரியவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நங்கநல்லூர்:

கல்விக் கடன் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், முதலில் பெரம்பூர் நண்பருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டிக் கழிவு, வருமான வரியின் இரு முறைகளில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. புதிய முறையில் இல்லை. புதிய முறையில் 2025-26 நிதியாண்டில் 12.75 லட்சம் ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே வராது. தரமணித் தம்பியின் சம்பளம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வரியே கட்டாதவருக்கு வரிச் சலுகை என்ன பயன் தரும்? இந்தக் காரணத்தைச் சொல்லிக் கடனை நீட்டிக்கொண்டே போன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பங்குச் சந்தை தருவதாகச் சொல்லும் வருமானத்துக்கு யாரும் உறுதி கொடுப்பதில்லை, 10.5 விழுக்காட்டுக் கடனை அடைத்தால் 10.5 விழுக்காடு மிச்சமாவது மட்டும் உறுதி.

இனித் தம்பிக்கு. நீங்கள் பட்டியலிட்ட மாற்றங்களில் உண்மையில் கடனை நகர்த்துவது அறை மாற்றம்தான். பைக் அடுத்த இடத்தில் வருகிறது. தேநீரையும் மாதம் ஒரு திரைப்படத்தையும் விட்டுக்கொடுப்பதால் மனம்தான் சோரும், அசலில் பெரிதாக ஒன்றும் குறையாது. அவற்றை விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் கட்டுகிறோம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. நிலுவையின் மீது நாள் கணக்கில் வட்டி ஏறுவதால், மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டுபவரைவிடச் சம்பளம் வந்த அன்றே கட்டுபவருக்கு வட்டி குறைகிறது. தவிரவும், கணக்கில் கிடக்கும் பணம் கடைசித் தேதி வரை கிடப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் பிடிப்பார்கள் என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர்கள் வாங்கிய கடன்களுக்கு வங்கிகள் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது.

மேடவாக்கத்துப் பெண்மணி சொன்ன கையிருப்பைப் பற்றிய கவலை மிகச் சரியானது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். அந்தக் கறை உங்கள் சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவோடு நிற்காது, இணைக் கடன்தாரரான தந்தையின் பதிவிலும் ஏறும். தந்தைக்காகவே அடைக்கிறேன் என்பவர், தந்தைக்காகவே மூன்று நான்கு மாதத் தவணையையும் செலவையும் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும். மாதம் 12,000 ரூபாய் கட்டினாலும் ஐந்தரை ஆண்டில் கடன் முடிந்துவிடும். மொத்த வட்டி சுமார் 1.92 லட்சம்.

தரமணி இளைஞன்:

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 12,000 ரூபாய்க்கும் 16,000 ரூபாய்க்கும் இடையே வட்டியில் 62,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது. அது எங்கள் வீட்டில் சிறிய தொகை அன்று. கையிருப்பு வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்; அது சேரும் வரை 12,000 கட்டிவிட்டு, சேர்ந்தபின் 16,000-க்குப் போகிறேன். ஆனால் அக்கா சொன்னதில் ஒரு பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சாப்பாட்டைக் குறைக்கவில்லை, சாப்பிடும் இடத்தைத்தான் மாற்றியிருக்கிறேன். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைக்கும் நகரத்தில், செயலியில் வரும் 250 ரூபாய்ச் சாப்பாட்டைத் தேவை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மேடவாக்கத்துப் பெண்:

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், தம்பி. அதை உங்கள் மீது சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 62,000 ரூபாயைப் பற்றி நான் வேறுபடுகிறேன். நாலாயிரம் ரூபாய் மாதாமாதம் கையில் இருந்தால் அதைக் கொண்டு ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்து அடுத்த வேலைக்குப் போகலாம். தொடக்கச் சம்பளத்தில் இருப்பவர் செலவைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மூவர் அறையை அறுவர் அறையாக்க முடியாது. சம்பளம் உயர்வதற்கோ அப்படி ஓர் எல்லை இல்லை. நான் கடனில் கட்டும் கூடுதல் தொகையெல்லாம் வேலை மாறியபின் வந்த சம்பள உயர்விலிருந்தே வருகிறது. உயர்வு வந்த மாதமே அதில் பாதியைத் தவணையோடு சேர்த்துவிட்டதால், அந்தப் பணம் எனக்குப் பழகவே இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் 6,000 ரூபாயையும் ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். மகன் கடனை அடைக்கட்டும் என்று நினைத்து அம்மா தன் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் தொலைபேசியில் கேட்டாலும் சொல்ல மாட்டார். நம் வீடுகளில் சிக்கனம் சம்பாதிப்பவரோடு நிற்பதில்லை.

பெரம்பூர்க்காரன்:

புதிய வரி முறையில் இந்தக் கழிவு இல்லை என்பதைப் பெரியவர் தெளிவாக்கினார், ஏற்கிறேன். ஆயினும் ஐந்தரை ஆண்டு முழுவதும் முதலீடு என்று ஒன்றுமே செய்யாமல் இருப்பது சரியென்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நங்கநல்லூர்:

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதென்றால், நிறுவனத்தின் பங்கும் அதோடு சேர்கிறது. அதைத் தொடாமல் இருந்தால் இப்போதைக்குப் போதும்; வேலை மாறும்போது எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தம்பி, கூடுதல் தொகை கட்டத் தொடங்கும் முன் கிளைக்குச் சென்று, அதை அசலில் வரவு வைத்துத் தவணைத் தொகையை மாற்றாமல் தவணைக்காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தவணைத் தொகையைக் குறைத்துவிட்டால் காலம் குறையாது. கடிதத்தின் நகலில் வங்கி முத்திரை வாங்கிவைத்துக்கொண்டு, அடுத்த மாதக் கணக்கு விவரத்தில் அசல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சரிபாருங்கள். இறங்காவிட்டால் அந்த நகலோடு மறுபடியும் போங்கள்.