வாணர் பாலத்தில் வண்டி நின்றால்

புங்குடுதீவு என் அம்மாவின் ஊர். வேலை யாழ்ப்பாணத்தில் என்பதால் புங்குடுதீவின் படகுத்துறையான குறிகட்டுவானுக்குப் போகும் வீதியில் அடிக்கடி ஓடுகிறேன். தெரியாதவர்களுக்கு: கோட்டைக்குப் பக்கத்தில் பண்ணைப் பாலத்தில் ஏறினால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, வங்களாவடி. பிறகு மறுபடியும் கடல். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் அந்த நீண்ட தாம்போதிதான் (கடலுக்குள் போட்ட வீதி) வாணர் பாலம். அதற்காகப் பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயர் அதில் நிலைத்துவிட்டது.

சோளகக் காற்று வீசும் காலத்தில் ஒரு பின்னேரம், அந்தப் பாலத்தின் நடுவில் என் மோட்டார் சைக்கிளின் பின் ரயர் காற்றுப் போனது. இரண்டு பக்கமும் கடலும் மீன் பிடிக்க நட்ட களங்கண்ணித் தடிகளும்தான். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. உருட்டத் தொடங்கினால் காற்று வண்டியையே தள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் பெட்டி பூட்டிய ஒரு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வந்து நின்றது. ஓட்டி வந்த ஐயா, “என்ன தம்பி, காத்துப் போட்டுதோ? பிடியும், ஏத்துவம்” என்றார். நான் உதவி கேட்கவே இல்லை. பெட்டியில் வண்டியை ஏற்றிக் கட்டினார். அப்புறம்தான் விசாரணை: “ஆற்ற பிள்ளை? எத்தினையாம் வட்டாரம்?”

சொன்னேன். முகம் மாறிவிட்டது. “உங்கட அம்மப்பாவின்ர கிணத்தில தண்ணி அள்ளினனாங்கள், தம்பி.” தீவில் பல கிணறுகள் உவர். குடிக்கிற தண்ணீருக்குத் தண்ணீர் பவுசரை (தாங்கி வண்டியை)ப் பார்த்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருந்தவர்களை ஊர் மறக்காது என்பதை அன்றைக்கு நேரில் கண்டேன். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

இன்னொரு நாள் பஸ்ஸில். பக்கத்தில் ஒரு அம்மா, கனடாவிலிருந்து வந்தவர். 1991இல் ஊரை விட்டுப் போனவராம். “அப்ப இந்தப் பாதையால போகேல்லை பிள்ளை, வள்ளத்தில போனனாங்கள்” என்றார். பாலம் தொடங்கியதும் எழும்பி நின்றுவிட்டார். நடத்துநர் பார்த்துவிட்டு பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னார். “அம்மா, படகுக்கு நேரம் கிடக்கு, இறங்கிப் பாருங்கோ.” நயினாதீவுக்குப் போகிற சனம் நிறைந்த பஸ் அது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அவர் கடலைப் பார்த்து அழுதுமுடித்து ஏறும்வரை எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அந்த நடத்துநரை மறக்க முடியாது.

சனம் இப்படி இருப்பதால் வீதி அப்படியே இருக்கலாம் என்று ஆகாது. நெடுந்தீவில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் முதலில் கடல், பிறகு இந்த வீதி, பிறகுதான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. குறிகட்டுவானில் கதைத்த ஒரு தாதி அக்கா, நோயாளியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழியையும் எண்ணிக்கொண்டு வருவதாகச் சொன்னார். இரவில் பாலத்தில் எதிரே பெரிய வாகனம் வந்தால் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. முழு நீளத்துக்கும் வெளிச்சமும் ஓரக் கட்டும் வேண்டும். இதைத் தீவார் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் போய்வருகிறவர்களும், ஊர்காவற்றுறையிலிருந்து ‘பாதை’ என்கிற மிதவையில் கடல் கடக்கிறவர்களும் உங்கள் பக்கத்து நிலைமையை எழுதுங்கள். முக்கியமாக, மாரி மழைக்குள் அங்கே வண்டி நின்றால் உதவிக்கு யார் வருகிறார்கள்?