திம்புல்ஸ்லோகோ: ஊரைக் காலி செய்வதா, தண்ணீரில் வாழ வைப்பதா?

#1 உப்புக்காற்று

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், செமாராங் நகரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் இயந்திரப் பராமரிப்பில் இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பரின் ஊர் திம்புல்ஸ்லோகோ. செமாராங்குக்குக் கிழக்கே, தெமாக் மாவட்டத்தில் சாயுங் வட்டத்தில் இருக்கிற கடலோரக் கிராமம். ஒரு நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு அழைத்துப் போனார். கடைசிக் கொஞ்ச தூரம் படகில்தான் போனோம். ஊருக்குள் தெரு என்று எதுவும் இல்லை, வீட்டுக்கு வீடு மரப்பலகைப் பாதை.

வாசலில் குனிந்துதான் நுழைய முடிந்தது. கூரை கட்டிய இடத்திலேயே நிற்கிறது, தரையை மட்டும் மூன்று முறை உயர்த்தியிருக்கிறார்கள். முன்பு லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினார்களாம். இப்போது லாரி வர வழியில்லை. அதனால் வீட்டுக்குள்ளேயே பலகைத் தளம் போட்டிருக்கிறார்கள். நண்பரின் அம்மா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அங்கேதான் எங்கள் நெல்வயல், அதோ அங்கே தென்னை" என்றார். அவர் காட்டிய இடத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. கடல் ஏற்றத்தில் ஊருக்குள் புகும் வெள்ளத்தை அங்கே 'ரோப்' என்கிறார்கள். எப்போதோ ஒருநாள் வருகிற வெள்ளமாக இருந்தது, இப்போது தினசரி வாழ்க்கையாகிவிட்டது.

என் கருத்து இதுதான். அரசு உள்பக்கத்தில் நிலம் கொடுத்து மொத்த ஊரையும் மாற்ற வேண்டும். பக்கத்து பெதோனோ கிராமத்தில் தம்பாக்சாரி, ரெஜோசாரி செனிக் என்ற இரண்டு சிற்றூர்களை ஏற்கெனவே அப்படி மாற்றியிருக்கிறார்கள். செனிக்கை மாற்றியது 2006இல். இங்கே மட்டும் ஏன் தாமதம்?

#2 வண்டல்

ஐயா, நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கடல் ஊரை விழுங்குகிறது என்ற கோணத்தில் தொடங்கினால் முடிவும் தவறாகத்தான் போகும். நான் நிலவியல் படிப்பவள். உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. செமாராங், தெமாக் கரையில் சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஊரை மூழ்கடிப்பதில் பெரும்பங்கு நிலம் இறங்குவதற்குத்தான்.

ஜாவாவின் வடகரை முழுக்க இளம் வண்டல் களிமண். அதன் அடியிலிருந்து ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை உறிஞ்சினால் மண் அமுங்கிவிடும். அமுங்கிய களிமண் திரும்ப எழாது. உறிஞ்சுவதில் தொழிற்சாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு, குழாய்த் தண்ணீர் எட்டாத வீடுகளுக்கும் உண்டு. ஊரை மட்டும் மாற்றிவிட்டுக் கிணறுகளை அப்படியே விட்டால், அடுத்த இருபது வருடத்தில் உள்பக்கத்து ஊரும் இதே நிலைக்கு வரும். அப்போது அவர்களை எங்கே மாற்றுவீர்கள்?

#3 இறால்காரன்

நான் இறால் பண்ணைத் தொழிலில் இருப்பவன், ஜாவா வடகரையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். தங்கச்சி வண்டல் சொல்வது சரி, ஆனால் பாதிக் கதைதான். 1980களில் இறாலுக்கு நல்ல விலை வந்தபோது அலையாத்திக் காட்டை வெட்டிக் குளம் தோண்டினார்கள். கரைக்கு இருந்த வேலி போனது. பிறகு அலை குளத்தின் கரைகளை உடைத்தது, குளங்கள் கடலோடு சேர்ந்தன. இதை எங்கள் தொழில் செய்த தவறு என்றே ஒப்புக்கொள்கிறேன்.

2015இல் இதைச் சரிசெய்ய ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. இந்தோனேசிய அரசும் டச்சு அமைப்புகளும் சேர்ந்து மூங்கிலும் சுள்ளியும் வைத்து, தண்ணீரைப் போகவிட்டு வண்டலை மட்டும் பிடித்துக்கொள்ளும் தடுப்புகள் கட்டின. வண்டல் சேர்ந்தால் அலையாத்தி தானே முளைக்கும் என்பது கணக்கு. சில இடங்களில் முளைத்தது. மீன் வளர்ப்பவர்களுக்குக் குளக்கரையிலேயே பள்ளி நடத்தி, இயற்கை உரம் போட்டுப் பால் கெண்டையும் இறாலும் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், விளைச்சல் கூடியது. 2022இல் ஐ.நா. அதை உலக முன்மாதிரி மீட்புப் பணிகளில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் கம்பங்களைக் கப்பல் புழு அரித்துவிடுகிறது. அடியில் நிலம் இறங்கிக்கொண்டே போனால் மேலே சேரும் வண்டல் எவ்வளவு நாள் ஈடுகொடுக்கும்?

அதனால் நான் உப்புக்காற்று அண்ணன் பக்கம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

#4 வண்டல்

அண்ணா, நிலம் இறங்குவதால்தான் தடுப்பு தோற்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் முதலில் நிறுத்த வேண்டியது எதை?

இன்னொன்று. போனால் என்ன தொழில்? இப்போது அவர்கள் வீட்டு வாசலிலிருந்தே படகு எடுத்து மீன், நண்டு பிடிக்கிறார்கள். இளையவர்கள் செமாராங் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள், சரி. அவர்களுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் யார் வேலை தருவார்கள்?

தம்பாக்சாரியில் எல்லோரும் போய்விடவில்லை. சில குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. அங்கே ஷேக் முத்சாகிரின் அடக்கத்தலம் இருக்கிறது. சுற்றிலும் கடல் சூழ்ந்தும் ஜியாரத்துக்கு, அதாவது அடக்கத்தலத்தைத் தரிசிக்க, மக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். செனிக்கிலும் ஒரு குடும்பம் தங்கி அலையாத்தி நட்டு வளர்த்தது. இவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

#5 ஓலைச்சுவடி

இடமாற்றம் பற்றிப் பேசும் யாரும் நிலச் சட்டத்தைத் தொடவில்லை. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, நிலம் அழிந்துவிட்டால் அதன் மேலிருந்த உரிமையும் முடிந்துவிடும். 2021இல் வந்த அரசு ஒழுங்குமுறை இதை விரிவாக்கியது. நிலத்தை மீட்டெடுக்க உரிமையாளருக்கு முதல் வாய்ப்பு உண்டு, ஆனால் கடலுக்குள் போன வயலை ஒரு மீனவக் குடும்பம் எந்தப் பணத்தில் மீட்கும்? செமாராங்-தெமாக் சுங்கச்சாலை வேலையில் இந்தக் கேள்விதான் வெடித்தது. நீரில் மூழ்கிய நிலத்தை 'அழிந்த நிலம்' என்று வகைப்படுத்தினால் முழு இழப்பீடு கிடையாது, 'கெரோஹிமான்' என்ற கருணைத்தொகை மட்டும்தான். அதற்காக 2022இல் அதிபர் ஆணையே வந்தது.

ஆகவே உப்புக்காற்று ஐயா, 'மாற்றுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'நிலத்தை ஏற்கெனவே இழந்தவர்களுக்குப் பட்டாவோடு புது நிலம் கொடுத்து மாற்றுங்கள்' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

#6 இறால்காரன்

கருணைத்தொகை விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. அப்புறம், கடல் சுவர் பற்றியும் பேச வேண்டும். அந்தச் சுங்கச்சாலையின் ஒரு பகுதியே கடல் தடுப்பாகவும் கட்டப்படுகிறது. அதைவிடப் பெரிதாக, ஜாவாவின் மேற்கே பாந்தனிலிருந்து கிழக்கே கிரெசிக் வரை வடகரை முழுக்கச் சுவர் எழுப்ப 2025இல் தனி ஆணையம் அமைத்திருக்கிறார் அதிபர் பிரபோவோ. செலவு சுமார் 8,000 கோடி டாலர் என்கிறார்கள். சுவர் வந்தால் ஊர் பிழைக்காதா?

#7 வண்டல்

சுவருக்கு உள்ளே இருப்பவர்கள் சில காலம் பிழைப்பார்கள். வெளியே விடப்படும் ஊர்களின் கதி? தடுத்த தண்ணீர் பக்கத்தில்தான் போய் ஏறும். உள்ளே நிலம் இறங்குவதும் நிற்காது, மழைத்தண்ணீரை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் வீடுகளுக்கும் ஆற்று நீரைக் குழாயில் கொடுங்கள். ஆழ்துளைக் கிணறுகளை மூடுங்கள். இது நடக்காத வரை மற்ற எதுவும் ஒட்டுத்தான்.

#8 உப்புக்காற்று

எல்லாவற்றையும் படித்தேன், நேற்று இரவு நண்பரையும் அழைத்துப் பேசினேன். ஓலைச்சுவடி சொன்னதைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர்களுடைய வயல் பத்திரம் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கூரை விட்டத்தில் செருகியிருக்கிறதாம். வயல் மூழ்கிப் பல வருடம் ஆகியும் அம்மா அதை எடுக்க விடவில்லை. "நிலம் தந்தால் நாளைக்கே போவேன். அம்மா வருவாரா என்று தெரியாது. அப்பாவை அடக்கம் செய்த மையவாடியை ஊரார் மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள், அதை விட்டுவிட்டு எப்படி என்பார்" என்றார்.

வண்டல், கிணறுகளை மூட வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலும் ஆழ்துளை நீர்தான், சாயச் சலவைக்கு நாள் முழுக்க ஓடும். அந்த மோட்டாரைப் பழுது பார்த்தவனே நான்தான். ஆனால் கிணறு மூடி, குழாய் வந்து, மண் நிற்கப் பத்து வருடமாவது ஆகும். அதுவரை அந்த வீட்டுக் குழந்தை தினமும் அந்தப் பலகையில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். அதனால் மாற்ற வேண்டும் என்பதில் நான் இன்னும் அப்படியே நிற்கிறேன். பட்டாவோடு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

#9 வண்டல்

போக விரும்புகிறவர்களுக்குப் பட்டாவோடு நிலம் என்றால் எனக்கு மறுப்பில்லை, ஐயா. நண்பரின் அம்மா இருக்க விரும்பினால் அந்தப் பலகைப் பாதையைப் பராமரிக்கும் செலவையும் அரசே ஏற்க வேண்டும். அதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?