திரையில் திருத்தியது கோப்பில் இல்லையா? உங்கட அனுபவங்களையும் எழுதுங்க

களுவாஞ்சிகுடியில இருந்து:

எங்கட பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்று உறுப்பினர் பட்டியலை ஒரு சின்ன விண்டோஸ் மென்பொருளில வச்சிருக்கு. யாரோ முந்தி விபி டாட்நெட் என்ட நிரல்மொழியில எழுதிக் குடுத்தது. பெரும்போகத்துக்கு முன்னம் செயலாளர் அண்ணன் காணி அளவுகளைத் திருத்திச் சேமிச்சார். அடுத்த நாள் திறந்து பார்த்தா எல்லாம் சரி, கடைசியாத் திருத்தின ஆளின்ட ஏக்கர் மட்டும் பழையபடி கிடக்கு. "நான் மாத்தினது உண்மை தம்பி" என்டார். உண்மைதான்.

டேட்டாகிரிட்வியூ என்டு சொல்லுற திரை அட்டவணையில ஒரு கட்டத்துக்குள்ள நாம தட்டுறது, அந்தக் கட்டத்தை விட்டு வெளிய வரும் வரைக்கும் தரவுக்குள்ள இறங்காது. சாதாரண பொத்தானை அமத்தினா கர்சர் கட்டத்தை விட்டுப் போகும், திருத்தமும் பதிஞ்சிடும். ஆனா மேல இருக்கிற டூல்ஸ்ட்ரிப் என்ட பொத்தான் பட்டையில 'சேமி'யை அமத்தினா கர்சர் அங்கேயே நிக்கும். கோப்புக்குப் போறது பழைய எண். நிரலில சேமிக்கிற வரிகளுக்கு முன்னால, தட்டினதைப் பதியச் சொல்லுற வாலிடேட், அடுத்து அட்டவணையைத் தரவோட இணைக்கிற பைண்டிங்சோர்ஸின்ட எண்ட்எடிட், ரெண்டு கட்டளையையும் போட்டுவிட்டேன். அதோட சரி.

இன்னொன்றும் மாத்தினேன். அந்த மென்பொருள் பழைய கோப்புக்கு மேலேயே நேரா எழுதிக்கொண்டிருந்தது. எழுதுற நேரம் கரண்ட் போனா பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இப்ப அதே ஃபோல்டரில தற்காலிகக் கோப்பொன்றில எழுதி முடிச்சு, பிறகுதான் ஃபைல் ரீப்ளேஸ் கட்டளையால பழையதோட மாத்துறது. முந்தின பிரதி பேக்கப்பா நிக்கும். முதல்தரம் சேமிக்கும்போது மாத்துறதுக்குப் பழைய கோப்பு இருக்காது, அதைத் தனியாப் பார்த்துக்கொள்ள வேணும்.

அக்கரைப்பற்றில இருந்து:

நாங்க பட்டது வேற விதம். மென்பொருள் ஒழுங்காத்தான் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால பிரிச்ச வெறும் எழுத்துக் கோப்பு) எழுதினது. இடையில ஒருவர் அதை எக்செலில டபுள் கிளிக் பண்ணித் திறந்து, ஒரு விலாசத்தைத் திருத்திச் சேமிச்சிட்டார். 2016இல இருந்து வந்த அடையாள அட்டை எண் 12 இலக்கம்தானே? அவ்வளவு நீளமான எண்ணை எக்செல் 1.98512E+11 என்ட மாதிரிச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கத்தையே எழுதிப்போடும். மிச்ச இலக்கங்களைக் கோப்பில இருந்து திரும்ப எடுக்க வழியே இல்லை. ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது அந்த இலக்கத்திலதான் தங்கியிருக்கு, அதை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. தொலைபேசி எண்களில 067இன்ட முன் பூச்சியமும் போய்த்தான் இருந்தது. எக்செலின்ட டேட்டா மெனுவால கோப்பை உள்ள எடுத்து, அந்த நிரல்களை (கொலம்களை) டெக்ஸ்ட் என்டு குறிச்சா ஒரு சேதமும் வராது. தமிழ்ப் பெயர் இருந்தா சேமிக்கும்போது தமிழ் எழுத்தையும் தாங்குற யூடிஎஃப்-8 சிஎஸ்வியைத் தெரிவு செய்யுங்க, இல்லாட்டி கேள்விக்குறிதான் மிஞ்சும்.

வாழைச்சேனையில இருந்து:

ஜாவா நிரல்மொழியின்ட அட்டவணையான ஜேடேபிளிலும் களுவாஞ்சிகுடி அண்ணன் சொன்ன அதே கதைதான், அங்க சாதாரண பொத்தானுக்கும் வரும். டெர்மினேட்எடிட்ஆன்ஃபோகஸ்லாஸ்ட் என்ட பண்பை ட்ரூ ஆக்கினாத் தீரும். மெனுவால சேமிக்கிறதா இருந்தா கட்டத்தில திருத்துறதை முடிச்சுப் பதியுற ஸ்டாப்செல்எடிட்டிங் கட்டளையையும் கூப்பிடுங்க. நான் சேமிச்ச கோப்பை நோட்பேடிலதான் திறந்து பார்க்கிறது. எக்செல் மறைக்கிறதெல்லாம் அதில அப்படியே தெரியும்.